ஷாக் அப்சார்பர் என்று ஒரு பட்டப்பெயர்

இந்தக் காலத்தில் யாரைப் பார்த்தாலும் ஷாக் அப்சார்பர் என்கிறார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் ஷாக் அப்சார்பராம். மேலே இருக்கிறவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு கீழே இருக்கிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறவன் ஷாக் அப்சார்பராம். சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தப்பா தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு நெஞ்சைத் தட்டிக் காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பஸ் கம்பெனியில் காலம் தள்ளினவன் நான். அந்தச் சாமானைக் கையால் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அதன் பேரை என் தலையில் கட்டி ஊரே கூப்பிட்டதையும் கேட்டிருக்கிறேன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தில் விழுகிற அடியை வாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை. அதை வாங்குவது ஸ்பிரிங். சக்கரத்துக்கு மேலே வில்லைப் போல வளைத்து அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டைகள். அடி விழுந்ததும் பட்டை அமுங்கும். அமுங்கினது நிமிரும். நிமிர்ந்தது மறுபடி அமுங்கும். அப்படியே விட்டால் அடுத்த பள்ளம் வருகிற வரைக்கும் வண்டி குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதிப்பை அடக்கி, வண்டியைச் சும்மா இருக்க வைப்பதுதான் ஷாக் அப்சார்பருடைய வேலை. உள்ளே எண்ணெய் இருக்கும். சின்ன ஓட்டை ஒன்றின் வழியாக அந்த எண்ணெய் முக்கி முனகி நகரும். ஆட்டமெல்லாம் அதில் சூடாக மாறிப் போய்விடும். தூரம் ஓடி வந்த வண்டியில் அதைத் தொட்டால் கை சுடும். அவ்வளவுதான் சமாசாரம். விழுந்த அடி விழுந்ததுதான், அதை யாரும் இல்லாமல் ஆக்கிவிட முடியாது. ஆடுவது மட்டும் வெளியே தெரியாது.

நான் சங்கரன்கோவிலில் வேலைக்குச் சேர்ந்தது யுத்த காலத்தில். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டு ஊதி ஊதி வண்டி ஓட்டிய சமயம். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மேசை, டிக்கெட் கட்டு, அதற்குப் பின்னால் நான். புக்கிங் கிளார்க் என்று பேர். யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து முதலாளி புது வண்டி ஒன்று வாங்கி, திருவேங்கடம் தடத்தில் விட்டார். ஷாக் அப்சார்பரை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அந்த வண்டியில்தான். வந்த புதிதில் ஏறினவர்களெல்லாம் தொட்டிலில் படுத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்தக் கரிசல் காட்டு ரோடு ஒரு மழைக்காலத்திலேயே அதன் கதையை முடித்துவிட்டது. எண்ணெய் ஒழுகிப் போனதைக் கழற்றி ஷெட்டின் மூலையில் போட்டார்கள். அது இல்லாமலும் வண்டி ஓடத்தான் செய்தது. ஜனங்கள் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு கம்பெனியை வைதபடியே போய்வந்தார்கள்.

அப்போதெல்லாம் பஸ் ஆபீஸ்தான் ஊருக்குச் சேதி வருகிற வழி. தந்தி ஆபீஸ் எல்லா ஊரிலும் கிடையாது. பட்டிக்காட்டில் ஒரு காரியம் என்றால் பஸ்ஸை மறித்துக் கண்டக்டரிடம் சொல்லிவிடுவார்கள். கண்டக்டர் வந்து என்னிடம் சொல்லுவார். நான் மேசையைப் பூட்டிவிட்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. யாரோ ஒருத்தர் செய்ய வேண்டியிருந்தது, நான் செய்தேன். பிள்ளை பிறந்தது, நிச்சயமானது என்று நல்ல சேதியும் எப்போதாவது வரும். ஆனால் நல்ல சேதிக்கு யாரும் ஓடுகிற பஸ்ஸை மறிக்க மாட்டார்கள். அதற்குக் கடுதாசி போதும். என்னிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் சாவுதான்.

சாவை அப்படியே போட்டு உடைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செத்துப்போனார் என்ற சொல்லைச் சேதி கொண்டு போகிறவன் வாயிலிருந்து யாரும் கேட்டிருக்க முடியாது. வீட்டுக்குள் போனதும் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைக்கச் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்களுக்கு முன்கூட்டியே கண்ணைக் காட்டி, வாசல் பக்கம் நிற்கச் சொல்ல வேண்டும். அப்புறம் மெதுவாக, அண்ணனுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம், உங்களைப் பார்க்கணும்னு சொல்லுதாவளாம், இந்த வண்டிக்கே கிளம்புங்க என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். கொஞ்சம் சுகமில்லை என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் உயிர் இருக்கா என்று யாரும் கேட்கமாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் எனக்கும் அது ஒரு ஒப்பந்தம் மாதிரி. அந்த ஊர் போய் இறங்குகிற வரைக்கும் ஒருவேளை இருக்குமோ என்று நினைத்துக்கொள்ள ஒரு நூல் இடம். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

பட்டப்பெயர் வந்த கதை இதுதான். பருத்தி வியாபாரி ஒருவர் ஆபீஸில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். பெரிய குரல், பெரிய சிரிப்பு. அப்போது கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அவருடைய தம்பி இறந்த சேதி வந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, என் பாட்டைப் பாடினேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். மேல்துண்டை எடுத்துக்கொண்டு பேசாமல் போய் வண்டியில் ஏறிவிட்டார். கொட்டகையில் டிக்கெட் வாங்க நின்ற கூட்டத்துக்கு அங்கே ஒன்று நடந்ததே தெரியாது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"புது வண்டியில ஒண்ணக் கழத்திப் போட்டோம்லா வே, ஷாக் அப்சார்பர். அது ஷெட்டுல கெடக்குன்னு நெனச்சேன். இங்கன உக்காந்திருக்கு."

கண்டக்டர்கள் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. டிரைவர்கள் சொன்னார்கள், காப்பிக் கடையில் சொன்னார்கள், ஒரு மாதத்தில் தேரடி வரைக்கும் போய்விட்டது. நான் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் வெளியே வந்து, எந்த வீட்டு வாசலில் நிற்கப் போகிறேன் என்று பார்ப்பார்கள். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் இதே கதைதான். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், நான் படி ஏறினதைப் பார்த்ததுமே உள்ளே யாரோ அழ ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் முடியவில்லை. சிரிக்கத்தான் தோன்றும். நானும் அப்போது சிரித்தேன்.

ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. போகப் போக இறங்க ஆரம்பித்தது. பிறகு அந்த வீட்டு அழுகை காதில் இருக்கும்போதே வந்து மேசையைத் திறந்து மீதிச் சில்லறை கொடுக்கப் பழகிவிட்டேன். இது தைரியம் இல்லை, நல்ல மனசும் இல்லை. மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் என் முகம் ஒரே மாதிரி இருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது உண்மை.

எனக்கு ஒரே அக்கா. அப்பா சிறு வயதிலேயே போய்விட்டதால் வீட்டில் அம்மா, அக்கா, நான். அக்காவைத் திருவேங்கடத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்கு மானாவாரிப் பருத்திக் காடு. நல்ல மனுஷன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மாவுக்கு அக்கா என்றால் உயிர். சின்னச் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்கள், வண்டியில் ஆள்விட்டு விசாரித்துக்கொண்டும் இருப்பார்கள். ஒரு ஆவணி மாதத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மருந்து கொடுத்திருக்கிறார்கள், தணிந்துவிட்டது என்றும் வந்தது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஒரு நாள், திருவேங்கடத்திலிருந்து காலை வண்டி வந்து நின்றதும் கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார். எனக்குப் பழக்கமான ஆள்தான், என்னைவிட இளையவர். வழக்கமாக வந்தவுடன் பையைத் தூக்கி மேசையில் போடுவார். அன்றைக்குப் பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க அக்காவுக்குக் காய்ச்சல் கூடிப்போச்சு. ஒங்கம்மையப் பார்க்கணும்ங்காவ. மத்தியான வண்டியிலயே கூட்டிட்டு வரச் சொன்னாவ."

என் பாட்டை என்னிடமே பாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டையைப் பிடித்து, உள்ளதைச் சொல்லும் வே என்றேன். அவர் பதறிப் போய், தன் தாய் மேல் சத்தியம் செய்தார். அத்தான் வண்டியை மறித்து அவரை வீட்டுக்குள்ளேயே கூட்டிப் போயிருக்கிறார். அக்கா கட்டிலில் கிடந்தபடி அவரிடம் பேசியிருக்கிறாள். குரல் நைந்துவிட்டது, ஆனால் நினைவு நன்றாக இருக்கிறது. அம்மா வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவரச் சொன்னாளாம். வாயெல்லாம் கசக்கிறதாம். வைத்தியர் கையை விரித்துவிட்டார், இன்றைக்குத் தாண்டினால் பெரிது என்று அத்தான் வாசலில் வைத்துச் சொன்னாராம். அதையும் கண்டக்டர் மறைக்கவில்லை. நான் நம்பினேன். என் தொழிலே அதுதான், ஒருவன் பூசி மெழுகுகிறானா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

அதே வண்டி மத்தியானம் திருவேங்கடத்துக்குத் திரும்பும். அதை விட்டால் சாயங்காலம்தான். அம்மாவை அந்த வண்டியில் ஏற்றிவிட்டால் அக்கா முகத்தை உயிரோடு பார்த்துவிடுவாள். எனக்கு அந்த ஒரு நினைப்புதான் இருந்தது. மேசையைப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடினேன். நான் சேதி சொல்ல ஒருநாளும் ஓடினதில்லை. போகிற வழியில் கோயில் வாசலில் புற்றுமண் ஒரு பொட்டலம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கு நெற்றியில் பூச அதைத்தான் கொண்டு போவோம்.

அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்கவில்லை, சாப்பாட்டை விசாரிக்கவில்லை. நின்ற நிலையில் சொன்னேன்.

"யம்மா, அக்காவுக்குக் காய்ச்சல் கூடிப்போச்சு. ஒன்னையப் பார்க்கணும்ங்கா. மத்தியான வண்டிக்குக் கெளம்பு."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். உளுந்து ஒன்றுகூடச் சிதறவில்லை.

"எப்பம் போனா?" என்று கேட்டாள்.

போகவில்லை, உயிரோடு இருக்கிறாள் என்றேன். அம்மா எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவினாள். "ஒன் வாயால நீ வேற என்னத்தச் சொல்லுவே, எய்யா" என்றாள். அப்புறம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

நான் ஓடி வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. அடுத்த நிமிஷம் வீடு நிறைந்துவிட்டது. யாரோ அடுப்பை அணைத்தார்கள். யாரோ அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டார்கள். நான் ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொன்னேன். சாகவில்லை, காய்ச்சல்தான், கண்டக்டர் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், பேசினாளாம். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு இத்தனை வருஷம் எவ்வளவு பக்குவமாகச் சொன்னவன், தன் வீடு என்று வரும்போது இன்னும் பக்குவமாகச் சொல்லுகிறான் என்று ஒரு பெண் என் காதுபடவே சொன்னாள். அம்மாவுக்கு நம்பிக்கை வரட்டும் என்று நார்த்தங்காய் விஷயத்தைச் சொன்னேன். செத்தவள் ஊறுகாய் கேட்பாளா என்று கேட்டேன். அது ஒப்பாரியில் போய்ச் சேர்ந்துவிட்டது. நார்த்தங்காய்க்கு நாக்கு ஏங்கிப் போயிட்டியா மகளே என்று அம்மா அழுதாள். சுற்றி இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்துத் தெரு. அவர் வந்தார். அவராவது கேட்பார் என்று தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எனக்குத் தெரியும்லே, பொம்பளையளுக்கு முன்னால அப்படித்தான் சொல்லணும். எங்கிட்ட சொல்லு, விடியக்காலமா?" என்றார். நான் புற்றுமண் பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். நோயாளிக்குக் கொண்டு போகிற சாமானை நான் எதற்கு வாங்குவேன் என்றேன். அவர் அதை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். துட்டி வீட்டுக்குக் கோயில் மண் கொண்டு போகக்கூடாது என்றார்.

துட்டி என்றால் சாவு. அதற்கு முறை இருக்கிறது. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். தாய்மாமன் முன்னால் போக வேண்டும். எங்களுக்கு மூத்த மாமா கடையநல்லூரில் இருந்தார், அவருக்கு ஆள் போய் அவர் வந்தாக வேண்டும். வெறுங்கையோடு, ஆள் சேராமல், தாய் தனியாகப் போய் இறங்கினால் சம்பந்தக்காரர்கள் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் சாயங்கால வண்டிக்குப் போவது என்று மாமா முடிவு பண்ணினார். போனவளுக்கு இனி என்ன அவசரம் என்றார்.

நான் திரும்ப ஆபீஸுக்கு ஓடினேன். டிரைவரிடம் கெஞ்சினேன். அவர் மறுக்கவில்லை. மத்தியான வண்டியை எங்கள் தெரு முனைக்கே கொண்டு வந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். தடத்தில் இல்லாத தெருவுக்குக் கம்பெனி வண்டி வந்து நின்றதைப் பார்த்ததும், எங்கோ ஒரு மூலையில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. காய்ச்சலுக்கா பஸ் வரும்? ஹாரன் சத்தத்தில் அழுகை இன்னும் ஏறியது.

அப்போதுதான் நான் கத்தினேன். அடி முட்டாள் ஜனங்களே, உயிரோடு இருக்கிறவளுக்கு ஒப்பாரி வைக்கிறீர்களே, விளங்குமா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன். நான் குரல் உயர்த்தி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. நான்கு பேர் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மேல் உசிராக இருந்தான், பாவம், புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். ஒருத்தர் தலையில் தண்ணீர் தெளித்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை. நீயும் என்னை விட்டுட்டுப் போயிராதே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மட்டுமாவது ஏறியிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அக்கா கேட்டது அம்மாவை. அம்மாவை எப்படியும் நகர்த்திவிடலாம் என்று நான் அவள் காலடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். வண்டிக்குள் இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். வண்டி போய்விட்டது.

அது போனதும் எனக்குள் எல்லாம் நின்றுவிட்டது. கோபம்கூட இல்லை. கோடி வாங்கிக்கொண்டு வா என்று மாமா சொன்னார், போனேன். தறிக்காரர் வீட்டில் கோடிக்கென்று போடுகிற மெல்லிசுச் சேலையை எடுத்துப் போட்டார்கள். அது வேண்டாம் என்று சொல்லி, பச்சையில் அரக்குக் கரை வைத்த நல்ல சேலையாக எடுத்தேன். இருந்தால் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவளுக்குப் பச்சை பிடிக்கும். தறிக்காரர் அதையே மடித்துக் கொடுத்தார்.

கடையநல்லூர் மாமா வந்து சேர்ந்தார். சாயங்கால வண்டியில் நாங்கள் எல்லோரும் ஏறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மடியில் சேலைப் பொதியை வைத்திருந்தாள். கரிசலில் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து, எழுந்து, ஆடி ஆடி அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டி ஆடுவதையே கவனித்துக்கொண்டு போனேன். வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை, நாங்கள் இப்படிக் கோடியும் மாலையுமாகப் போய் இறங்குவதைப் பார்த்து அக்கா எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இந்தக் கூட்டம் முழுவதும் அவள் முன்னால் அசடு வழிய நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

திருவேங்கடத்தில் இறங்கி நடந்தோம். அத்தான் வீட்டுத் தெரு திரும்புகிற இடத்தில் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். அங்கிருந்தே அழுதுகொண்டு போக வேண்டும், அதுதான் வழக்கம். அம்மா மாரில் அடித்துக்கொண்டு முன்னால் போனாள். நான் அந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். யாராவது ஓடிவந்து, என்ன இது, ஏன் அழுகிறீர்கள், அவள் உயிரோடு இருக்கிறாள், வாயை மூடுங்கள் என்று எங்களை வைவார்கள் என்று காத்திருந்தேன். தெரு பாதி வந்துவிட்டது. யாரும் வரவில்லை. எங்கள் அழுகையை நிறுத்த ஒரு ஆள் வரவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து பதிலுக்கு அழுகை கேட்டது. அந்த ஊர்ப் பெண்கள் எழுந்து வந்து எங்கள் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள்.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் போய்க் கையைத் தொட்டேன். இன்னும் முழுக்கக் குளிர்ந்திருக்கவில்லை.

அத்தான் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். மத்தியான வண்டி ஊருக்குள் வருகிற சத்தம் கேட்டதும் அவள் தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னாளாம். தலையைக் கோதி முடித்துவிடச் சொன்னாளாம். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கொஞ்ச நேரம் கழித்து, அம்மைக்கு வெயில் ஒத்துக்காது, சாயங்காலம் வருவா என்று அவளே சொன்னாளாம். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிட்டது. "ஏன் மாப்ள வரல?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லிமுடித்ததும் உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் மேசையில் டிக்கெட் கிழிப்பது போலச் சாதாரணமாகத் தெரிந்தது.

"அத்தான், காலையிலயே போயிட்டான்னு அம்மைட்ட சொல்லிருங்க. கண்டக்டர் வாறதுக்கு முன்னாலயே."

அவர் உள்ளே போய், தன் வீட்டுப் பெண்களிடம் ஒவ்வொருத்தராகக் காதில் சொன்னார். சாவு வீட்டில் இப்படி ஒரு வார்த்தையைக் காப்பாற்ற எங்கள் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவே காப்பாற்றியது. பச்சைச் சேலையை அம்மா தன் கையால் அவள் மேல் போர்த்தினாள்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். முதலாளி ஆறுதலாக ஏதோ சொன்னார், அந்தப் பட்டப்பெயரைச் சொல்லாமல் இருந்தார். சில நாள்தான், பிறகு அவரும் மறந்து பழையபடி கூப்பிட்டார். சேதி வந்தால் நான்தான் போனேன். வேறு யாரும் போகிற மாதிரி இல்லை.

அம்மா அதற்கப்புறம் நெடுங்காலம் இருந்தாள். துட்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். மகன் கடைசி வரைக்கும் சாவு என்ற சொல்லை எடுக்கவில்லை, அவன் மனசுக்குள் எவ்வளவு வெந்திருக்கும், அத்தனையும் அடக்கிக்கொண்டு என்னை எப்படித் தேற்றினான் என்பாள். கேட்டவர்கள் என்னை மெச்சிக்கொண்டு போவார்கள். நான் அவர்களுக்கு வெற்றிலைத் தட்டை எடுத்து வைப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடைக்கும் என்று சொன்னால் பொய். சில தடவை அடைத்தது. பல தடவை ஒன்றும் இல்லை.

அவளுக்கு வயதாகி, கண் மங்கிப் போன பிறகு, ஒருநாள் மத்தியானம் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தடவிப் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு நீ சொன்ன எதையும் நான் நம்பலய்யா. ஆனா உயிரோட இருக்கா, உயிரோட இருக்கான்னு எத்தன தடவ சொன்னே! அதக் கேட்டுக்கிட்டுத்தான் நான் பெழச்சேன். நீ உள்ளதச் சொல்லியிருந்தா அங்கனயே விழுந்து செத்திருப்பேன்."

"சாப்பிடும்மா" என்றேன்.